நிலத்தோடு ஒட்டிய கொங்கிறீற்: சீமெந்தா, டைல்ஸா, வைனைலா?

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் நிலத்துக்கடியில் அறை கட்ட யாரும் துணிவதில்லை. மாரியில் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு மேலே ஏறிவிடும். ஆனால் மணல் நிரப்பி 4 அங்குலக் கொங்கிறீற் போட்ட கீழ்வீட்டுக்கும் நிலக்கீழ் அறையின் சங்கடம்தான்: ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. டைல்ஸின் நிறம் பார்க்கமுன் இதைப் பாருங்கள்.

18 அங்குலச் சதுரப் பொலித்தீன் ஒன்றைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒரு பகலும் ஒரு இரவும் விடுங்கள். உரிக்கும்போது அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ அடியீரம் உண்டு. மேற்பக்கத்தில் நிற்பது காற்றின் ஈரம். கச்சான் காற்று வீசும் காலத்தில் எந்தத் தரையும் காய்ந்ததாகவே காட்டும். சோதனையை மார்கழியில் செய்யுங்கள். புதுக் கொங்கிறீற் என்றால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதமாவது காய விட வேண்டும்.

அடியீரம் உள்ள வீட்டுக்கு எங்கள் முதல் தெரிவு சீமெந்துத் தரை. அதன் வழியாக ஈரம் வெளியேறிவிடுவதால் எதுவும் கழன்று வராது. 10க்கு 12 அடி அறைக்கு 1:3 கலவையில் ஒரு அங்குலம் பூச மூன்று மூட்டைச் சீமெந்தும் 10 கன அடி மணலும், மேலே தேய்க்க அரை மூட்டையும் போதும். ஆற்று மணலே எடுங்கள். கடற்கரை மணலில் உப்பிருந்தால் தரையில் வெள்ளை பூக்கும், கூட்டக் கூட்ட மாவாக உதிரும். பழைய கொங்கிறீற்றைக் கொத்தி, கழுவி, சீமெந்துப் பால் தடவி, அது காயமுன் கலவையைப் போட வேண்டும். நாலைந்து அடிக்கொரு வெட்டுக் கோடு இல்லாவிட்டால் வெடிப்பு தன்பாட்டுக்குக் கோணலாய் ஓடும். ஏழு நாள் தண்ணீர் கட்டி நிறுத்துவதைத்தான் அநேகர் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள். ஒரே குறை: பிறகு ஒட்டுப் போட்டால் நிறம் சேராது.

டைல்ஸ் இரண்டாவது. வெள்ளம் புகுந்தாலும் கழுவிவிட்டுக் குடியிருக்கலாம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊருக்கு இது சின்ன விடயமில்லை. தரைக்கு நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்குக் குறைந்த போர்சிலின் வாங்குங்கள். மலிவென்று சுவர் டைல்ஸைக் கீழே பதிக்க வேண்டாம். எண்ணிக்கையில் ஒரு பொறி உண்டு. மேற்சொன்ன அறைக்குப் பரப்பளவுப்படி 60 சென்ரிமீற்றர் டைல் 31 போதும். ஆனால் சுவரோரம் இருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் நாலு சென்ரிமீற்றர் கீற்றுத்தான் மிஞ்சும். நடுவிலிருந்து பிரித்தால் இரு ஓரத்திலும் பாதிக்கு மேற்பட்ட துண்டு வரும், பார்வைக்கும் அழகு. அதற்கு 42 வேண்டும்.

மேசன்மார் அவசரத்தில் ஐந்து இடத்தில் கலவைக் கட்டி வைத்து அமுக்கிவிடுவார்கள். நாணயத்தால் தட்டினால் 'டொக்' என்று கேட்பது அங்கேதான். அலுமாரிக் கால் பட்டதும் உடையும். பல்லுக் கரண்டியால் முழுவதும் இழுத்துத்தான் பதிக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் நெருக்கினால் ஒரு வெக்கையான மத்தியானத்தில் இரண்டு டைல்கள் கூடாரம்போல் எழும்பும். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் 2 மில்லிமீற்றர், சுவரோரத்தில் 8 மில்லிமீற்றர் விடுங்கள். சுவரோர வெளியைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கேர்டிங் பட்டி மறைக்கும். சம்மாந்துறைப் பக்கம் வயற்காணியை நிரப்பிக் கட்டிய வீடுகளில் இன்னொன்று: மண்ணை ஆறு அங்குலப் படையாக இடிக்காவிட்டால் கொங்கிறீற் தாழ்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பு அப்படியே டைலிலும் ஏறும்.

வைனைல் விரிப்பு மலிவு, ஒரு மணி நேர வேலை. ஒட்டாமல் விரித்து, மாரியில் அடிக்கடி தூக்கி உலர்த்துபவருக்குச் சரி. ஒட்டினால் பசை களியாகி, அடியில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். எபொக்சிப் பூச்சும் ஈரத் தரையில் கொப்புளிக்கும். லெமினேட் பலகை இந்தக் கரையோரத்துக்கே வேண்டாம், மூட்டு ஊதிவிடும்.

புதிதாகக் கட்டுவோர் கொங்கிறீற்றுக்குக் கீழே 1000 கேஜ் (கால் மில்லிமீற்றர் தடிப்பு) பொலித்தீனை, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி வைத்து, சுவரின் ஈரத்தடுப்புப் படையோடு சேர்த்து விரித்தால் இந்தத் தலையிடியில் பாதி போய்விடும். ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால் அதே பொலித்தீனைப் பழைய தரைமேல் விரித்து, குறைந்தது 2 அங்குலம் புதுக் கலவை போட்டு, காய்ந்தபின் டைல்ஸ் பதிக்கலாம். தரை இரண்டரை அங்குலம் உயரும். கதவுகளின் அடியை அறுக்க ஓடாவியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.