ஒன்பது வருடமாகக் கையில் இருக்கும் கஸ்டம்பில்ட் பைப்

புகையிலை புகைக்கும் இந்த பைப், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடி அலமாரியில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது. கிண்ணத்துக்குள் விரல் நுழையாத அளவுக்குக் கரி. வாயில் வைக்கும் ஊதுகுழல் பச்சையும் பழுப்புமாக நிறம் செத்திருந்தது. தண்டைத் துடைத்ததும் ‘கஸ்டம்பில்ட்’ முத்திரை தெரிந்தது. 28 டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

இண்டியானாபொலிஸில் டிரேசி மின்சர் 1930களில் தொடங்கிய பைப் இது. பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டையை மெலிதாக இழைக்காமல் குண்டாகவே விட்டு, பக்கங்களில் பள்ளம் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. வழவழப்பான ஆங்கிலேய பைப்புகளுக்குப் பழகியவர்கள் இதை முரடு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தத் தடிமன்தான் இதன் உயிர். நாற்பது நிமிடம் தொடர்ந்து புகைத்தாலும் கிண்ணத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கலாம்; இதமான சூடுதான் இருக்கும். கனம் அதிகம் என்பது உண்மை. பல்லில் கடித்தபடி வேலை பார்க்க முடியாது, கையில்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் ஒரு தப்பு செய்தேன். சூடு ஆறுவதற்குள் ஊதுகுழலைத் திருகினேன். டக்கென்று முறிந்து, அதன் முனை தண்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. பழுது பார்ப்பவர் அதைக் குடைந்தெடுத்து டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் முனை பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து முழுக்க ஆறிய பிறகுதான் கழற்றுகிறேன். ஒரு முறை புகைத்தால் மறுநாள் அதற்கு ஓய்வு.

கரியை ஒரு டைம் (அமெரிக்கப் பத்து சென்ட்) நாணயத்தின் தடிமனுக்கு மேல் சேர விடுவதில்லை; கூடினால் சூட்டில் விரிந்து மரத்தைப் பிளந்துவிடும். பள்ளங்களில் ஏறிய அழுக்குக்குப் பழைய பல் பிரஷ்ஷும் கொஞ்சம் எண்ணெய் சோப்பும் போதும். ஊதுகுழல் கெட்டி ரப்பர், வெயில் பட்டால் மறுபடி பச்சையாகும். தண்ணீர் தொட்டு 400, 800, 2000 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்தால் கறுப்பு திரும்பும்.

இப்போது ஏழு சேர்ந்துவிட்டன. வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பள்ளங்களின் விளிம்பை. போன மாதம் தபாலில் வந்த ஒன்று கண்ணாடி போலப் பளபளத்தது. விரலால் தடவினால் எந்த விளிம்பும் தட்டுப்படவில்லை. உளி பட்ட தடத்தையே யாரோ மெஷினில் தேய்த்துத் தீர்த்திருந்தார்கள். வயிறு எரிந்தது. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.