ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்: எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட் வந்ததும் 6.5-ஐத் தாண்டியதா என்றுதான் பார்க்கிறோம். எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். சிலருக்கு விடையே அதனால் மாறும்.

பரவலாக இருப்பது அயனிப் பரிமாற்ற எச்பிஎல்சி, அதாவது ஹீமோகுளோபின் வகைகளை மின்னூட்டத்தை வைத்துத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் குளுக்கோஸ் ஒட்டினால் அதன் மின்னூட்டம் சற்று மாறும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பிறவியிலேயே வரும் மரபு மாற்றங்களும் மின்னூட்டத்தை மாற்றும். அரிவாள் செல்லுக்குக் காரணமான ஹீமோகுளோபின் எஸ் அப்படி ஒன்று. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது. சிறுநீரகம் பழுதானவர்களிடம் யூரியாவால் மாறிய ஹீமோகுளோபினும் பழைய கருவிகளைக் குழப்பியது. புதிய கருவிகள் இவற்றைப் பெருமளவு சமாளிக்கின்றன.

ஆன்டிபாடி முறை சங்கிலி நுனியின் சில அமினோ அமிலங்களை மட்டும் பார்க்கும். எஸ் மாற்றம் ஆறாவது இடத்தில் இருப்பதால் சில கிட்கள் அங்கே தடுமாறலாம்.

மூன்றாவது போரானேட் முறை. இதில் போரானிக் அமிலம் பூசிய பிசினின் வழியே வேறு. மின்னூட்டத்தை நம்பி இது பிரிப்பதில்லை. ஒட்டிய சர்க்கரையைத்தான் தேடுகிறது. ஒரே பக்கமாக அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கிடைத்தால் போரான் அவற்றோடு வளையமாகப் பிணைந்துகொள்ளும். காரத்தன்மையில் பிடி இறுகும். அப்புறம் சார்பிடால் கரைசலை ஊற்றினால் போரான் அதைப் பற்றிக்கொண்டு ஹீமோகுளோபினை விட்டுவிடும். இறுகப் பிடித்ததை இவ்வளவு எளிதாக விடுகிற இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். எஸ், ஈ, டி என்று எந்த மரபு மாற்றமானாலும், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்திருந்தால், இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

ஆனால் நுனியில் மட்டுமல்லாமல் வேறு இடங்களில் ஒட்டிய சர்க்கரையையும் இது சேர்த்தே பிடிக்கும். அதனால் கணக்கிட்டுத்தான் ஹெச்பிஏ1சி ஆக்குகிறார்கள். கருவில் இருக்கும்போது உடலில் இருக்கும் ஹீமோகுளோபின் எஃப் ஒருவருக்கு அதிகமாக நீடித்தால் எண் குறைவாகக் காட்டும். மரபு மாற்றம் இருப்பதையும் இது சொல்லாது. எச்பிஎல்சி வரைபடத்திலோ தனி முகடாகத் தெரிந்துவிடும். தன்னிடம் அது இருப்பதே தெரியாமல் இருந்த ஒருவருக்கு, திருமணத்துக்கு முன் அது தெரிவது பெரிய விஷயம். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் முறை எச்பிஎல்சி செய்யச் சொல்வேன்; முகடு தெரிந்தால் அடுத்து போரானேட்.

சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்கள், சிவப்பணு 120 நாள் வாழாமல் சீக்கிரம் அழிபவர்கள் விஷயத்தில் மூன்று முறைகளுமே உதவாது. அவர்களுக்கு விரல் நுனிச் சோதனையும், இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைனும்தான்.