வேலையிட விபத்துக்கு ‘விக்கா’ கிளைம்: சேவை எப்படி, எங்கே கவனம் வேண்டும்?

சிங்கப்பூரில் வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கேட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சு வழியாகப் போகும் கிளைம். அந்தச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான WICA-வைச் சைட்டிலும் டார்மிட்டரியிலும் எல்லாரும் ‘விக்கா’ என்றே சொல்கிறார்கள். இன்னொன்று வக்கீல் வைத்து முதலாளிமீது வழக்குப் போடுவது. இந்த விமர்சனம் பெரும்பாலும் முதல் வழியைப் பற்றியது. அடிபட்ட பத்துப் பேரிடம் கேட்டால் அதில் பெரும்பாலோர் இந்த வழியில்தான் வருவார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விக்கா நல்ல சேவை. வழக்கைவிட வேகமானது, வக்கீல் தேவையில்லை, கைக்காசு போட வேண்டியதில்லை. ஆனால் கணக்கின் அடிப்படை எண்கள் முதலாளியின் கையிலிருந்து வருகின்றன, காயத்தின் கதை முதல் டாக்டரின் அறையில் எழுதப்படுகிறது. இந்த இரண்டு இடத்திலும் தொழிலாளி கவனமாக இல்லாவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல அதிகாரி வந்தாலும் முழுத் தொகை கைக்கு வராது.

இந்தச் சட்டத்தின் பெரிய பலம், யார்மீது தவறு என்று நிரூபிக்கச் சொல்வதில்லை என்பது. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டது என்றால் போதும். கொஞ்சம் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று பயந்து கிளைம் போடாமல் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. குடிபோதை, போதைப்பொருள், சண்டையை ஆரம்பித்தது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது போன்றவைதான் கிளைமைக் கெடுக்கும். முதலாளி ஏற்பாடு செய்த லாரியிலோ வேனிலோ வேலைக்குப் போய்வரும்போது நடந்த விபத்தும் சேரும். சொந்த ஏற்பாட்டில் பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது நடந்தது பொதுவாகச் சேராது.

சம்பளம் எவ்வளவு, பாஸ் என்ன நிறம் என்பதெல்லாம் கணக்கில்லை. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், நிரந்தரவாசி, குடிமகன், பகுதிநேர ஊழியர் எல்லாருக்கும் இந்தச் சட்டம் உண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கு இல்லை. அவர்களுக்கு முதலாளி குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தனி விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். உணவு டெலிவரி செய்பவர்களும் தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் நீண்ட காலம் இதற்கு வெளியில்தான் நின்றார்கள். 2025 ஜனவரி 1 முதல் தளநிறுவன ஊழியர் சட்டத்தின்கீழ் அவர்களுக்கும் இதே அளவு பாதுகாப்பு வந்துவிட்டது. இது தாமதமாக வந்த நியாயம்.

இப்போது முதல் நாளுக்கு வருவோம். கிளைம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

அடிபட்ட உடனே சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த சைட்டில், எந்த மெஷினில். அந்தச் செய்தியில் பதிந்திருக்கும் நேரத்தை பிறகு யாராலும் மாற்ற முடியாது. இடத்தையும் மெஷினையும் படம் எடுங்கள். மெஷினின் கார்டு, அதாவது பாதுகாப்பு மூடி, கழற்றியிருந்தால் அது தெரிகிற மாதிரி எடுங்கள். பார்த்த இரண்டு பேரின் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேறு சைட்டுக்கு மாறிப் போன பிறகு தேடுவது கஷ்டம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியம். “ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லுப்பா, கம்பெனி பார்த்துக்கும்” என்று கூட வருபவர் சொல்லிக்கொடுப்பது நடக்கிற விஷயம். அப்படிச் சொன்னால் டாக்டரின் குறிப்பில் அதுதான் ஏறும். நான்கு மாதம் கழித்து முதலாளியின் காப்புறுதி நிறுவனம் எடுத்துப் பார்க்கும் முதல் தாளும் அதுதான். வேலையில் நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு விஷயம்: வலிக்கிற எல்லா இடத்தையும் முதல் நாளே சொல்லுங்கள். விரல் நசுங்கியவர் அந்த வலியில் முதுகு அடிபட்டதைச் சொல்ல மறப்பார். மூன்று வாரம் கழித்து முதுகுவலி என்று போனால், “முதல் குறிப்பில் முதுகைப் பற்றி ஒன்றுமே இல்லையே” என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வது மிகக் கடினம்.

டாக்டர் ஒரே ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) அல்லது லைட் டியூட்டி (இலகுவான வேலை) கொடுத்திருந்தாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த நாளிலிருந்து 10 நாள் கெடு. பழைய விதியில் எம்சி மூன்று நாளைத் தாண்டாவிட்டால் பொதுவாகத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று இருந்தது. அதனால் அதற்குள் எம்சியை நிறுத்தும் வழக்கம் உண்டாகியிருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. முதலாளி தெரிவிக்கவில்லை என்றால் தொழிலாளியே நேரடியாக அமைச்சிடம் கிளைம் போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். “பேசிக்கிட்டு இருக்கோம், பொறு” என்று கம்பெனி இழுத்தடித்தால் இந்த ஓராண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்சி நாட்களுக்கான சம்பளத்தில் இந்தச் சேவை நன்றாகவே இயங்குகிறது. வெளிநோயாளியாக முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை சார்ந்த விடுப்பென்றால் முதல் 60 நாளுக்கும் முழுச் சராசரி வருமானம். அதன் பிறகு விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. வழக்கமான சம்பள நாளுக்குள் அது வந்துவிட வேண்டும். லைட் டியூட்டியில் சம்பளம் குறைந்தாலும் இழப்பீடு உண்டு. இது 2020-இல் சேர்ந்த நல்ல மாற்றம். மருத்துவச் செலவு 53,000 வெள்ளி அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. இது 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கான உச்சவரம்பு. அதற்கு முன் 45,000.

எம்சி விஷயத்தில் டாக்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி அழைத்துப் போகும் கிளினிக்கில் எம்சி குறைவாகக் கொடுப்பது வெறும் புகார் இல்லை. கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்த வெளிநாட்டு ஊழியருக்குப் போதிய விடுப்பு கொடுக்காத டாக்டர் ஒருவரை 2016-இல் நீதிமன்றம் ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. எம்சி போதவில்லை என்று தோன்றினால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது நிரந்தர ஊனத்துக்கான தொகை. பெரிய பணம் இங்கேதான், பெரிய ஏமாற்றமும் இங்கேதான். கணக்கு இப்படி: சராசரி மாத வருமானத்தை வயதுக்கான எண்ணால் பெருக்கி, டாக்டர் தரும் ஊன சதவீதத்தால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கும் அதற்குக் கீழும் அந்த எண் 181. வயது ஏற ஏறக் குறைந்து, 66 வயதிலிருந்து 72. முழு ஊனத்துக்குக் குறைந்தபட்சம் 116,000, அதிகபட்சம் 346,000 வெள்ளி. இறப்புக்கு 91,000 முதல் 269,000 வரை. இவையும் 2025 நவம்பர் 1 முதல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 30 வயதுத் தொழிலாளி, அடிப்படைச் சம்பளம் 600, ஓடி (ஓவர்டைம்) சேர்த்துச் சராசரியாக மாதம் 1,100. டாக்டர் கொடுத்தது 12 சதவீதம். 1,100-ஐ 181-ஆல் பெருக்கினால் 199,100. அதில் 12 சதவீதம் 23,892 வெள்ளி. இப்போது கம்பெனி ஓடியை விட்டுவிட்டு 600 என்று மட்டும் எழுதி அனுப்பினால்? 108,600 வரும். அது குறைந்தபட்சத்துக்கும் கீழே என்பதால் 116,000-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள். அதில் 12 சதவீதம் 13,920. ஒரே காயம், ஒரே டாக்டர், ஒரே சதவீதம். ஆனால் 9,972 வெள்ளி குறைகிறது. ஊரில் கடன் வாங்கி ஏஜெண்ட்டுக்குப் பணம் கட்டி வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

சராசரி என்பது விபத்துக்கு முந்தைய 12 மாத மொத்தச் சம்பளத்தை வைத்து. ஓடி சேரும். போக்குவரத்துப் படி சேராது. ஆகவே 12 மாத பே ஸ்லிப்பையும் கையில் வைத்திருங்கள். தாளாகக் கொடுக்காத கம்பெனியென்றால் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையின் பட்டியலை எடுத்துவையுங்கள். டைம் கார்டையும் மாதாமாதம் படம் எடுப்பது நல்லது. காப்புறுதி நிறுவனத்திலிருந்து வரும் இழப்பீட்டுக் கணக்குத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை அல்ல, மாத வருமானம் என்று போட்டிருக்கும் எண்ணை.

சதவீதம் சரியில்லை என்றாலும், வருமானம் தவறு என்றாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தத் தாளிலேயே கெடுத் தேதி இருக்கும். அதைத் தாண்டினால் கணக்கு உறுதியாகிவிடும். காயத்தின் சதவீதம் மருத்துவக் குழுவிடம் போகும். குழு கொடுக்கும் சதவீதம் கூடலாம், குறையவும் செய்யலாம். வருமானக் கணக்கிலோ தெளிவான ஆதாரம் இருந்தால் ஆட்சேபத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், எதற்காக ஆட்சேபம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

மதிப்பீடு எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். முன்பு காயம் முழுதும் நிலைப்படும் வரை காத்திருந்தார்கள், சிலருக்கு வருடக்கணக்கில் இழுத்தது. இப்போது விபத்து நடந்து ஆறு மாதம் ஆனால் அப்போதைய நிலையை வைத்தே மதிப்பிடலாம். வேகத்துக்கு இது நல்லது. ஆனால் இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கி இருப்பவர் அதை மதிப்பீடு செய்யும் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

இனி வழக்கு வழி. ஒரே விபத்துக்கு விக்காவிலும் வழக்கிலும் இரண்டு முறை பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கில் வலி வேதனைக்கும், எதிர்கால வருமான இழப்புக்கும், வருங்காலச் சிகிச்சைக்கும் கேட்கலாம், விக்காவின் உச்சவரம்பு கிடையாது. வேலையிட விபத்தென்றால் மாவட்ட நீதிமன்றத்திலேயே 500,000 வெள்ளி வரை போகலாம். வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசம். ஆனால் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும், நம் பக்கம் பங்கு இருந்தால் அந்த அளவுக்குக் கழிப்பார்கள், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில். சாரம் சரிந்தது, மெஷினில் கார்டு இல்லை என்று ஆதாரம் பலமாக இருந்து, காயமும் வாழ்நாள் முழுக்க வேலையைப் பாதிக்கும் என்றால் வழக்கைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றிரண்டு சதவீத விரல் காயத்துக்கு வழக்கு வேண்டவே வேண்டாம்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் சிலர் வந்து, “நம்ம வக்கீல்கிட்ட வாங்க, கிடைக்கிறதுல இத்தனை பர்சன்ட் கொடுத்தா போதும்” என்பார்கள். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவி வழக்குகளில் வக்கீல்கள் இப்படிப் பங்கு வைத்து வாங்குவது வழக்கம். இங்கே காயங்களுக்கான வழக்கில் நட்ட ஈட்டில் பங்கு கேட்க வக்கீலுக்கு அனுமதியில்லை. ஆள்பிடித்துத் தருவதற்குப் பணம் கைமாறுவதும் குற்றம். அப்படிப் பேசுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கொடுக்கும் வக்கீலிடம் மட்டும் போங்கள்.

பழுதான கருவியோ மருந்தோ காரணம் என்றால் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர்மீது தனி வழக்குப் போட இடமிருக்கிறது. கல்லீரல் செயலிழந்த நடிகை ஒருவர் தொடுத்த ‘ஸ்லிம் 10’ உடல்மெலிவு மாத்திரை வழக்கு இங்கே நன்கு அறியப்பட்டது. அந்த மாத்திரையில் தடைசெய்யப்பட்ட ஃபென்ஃப்ளூரமின் இருந்தது. இறக்குமதி செய்தவரும் விநியோகித்த நிறுவனமும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விநியோக நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் மாத்திரையைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. உடைந்த கிரைண்டர் டிஸ்க், அறுந்த பெல்ட், மிச்சமிருக்கும் மாத்திரை, பெட்டி, ரசீது எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். கையில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வரிசை எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.

உதவிக்கு யாரிடம் போவது என்றால், வெளிநாட்டு ஊழியர் நிலையமும், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பான டிடபிள்யூசி2-வும் விக்கா கணக்கைப் பார்த்துச் சொல்வதில் தேர்ந்தவை. ஹெல்த்சர்வ் மருத்துவப் பக்கம் உதவும். சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மற்றவர்கள் சட்ட உதவித் தொண்டு அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவச ஆலோசனைக்குப் போகலாம். கிளைம் நடக்கும்போது வொர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால் அமைச்சு ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) கொடுக்கும். சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் முதலாளியின் பொறுப்பு. ஆனால் அந்தப் பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது, வருமானமில்லாத மாதங்கள் இவை. இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இது. பலர் கணக்குத் தாள் வருவதற்கு முன்பே சலித்துப்போய் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால், விமானம் ஏறுவதற்கு முன் நான்கு விஷயம் முடித்துவிடுங்கள். மருத்துவ அறிக்கைகளின் நகல், கிளைம் எண், ஊரில் உங்கள் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கின் விவரம், காப்புறுதி நிறுவனத்துக்கும் அமைச்சுக்கும் உங்கள் ஊர் விலாசமும் மின்னஞ்சலும். பணத்தைக் கம்பெனி வழியாக அனுப்பச் சொல்லாதீர்கள், உங்கள் கணக்குக்கே நேராக வரும்படி கேளுங்கள்.