லேப் ரிப்போர்ட்ல ‘ரியாக்டிவ்’னு சிவப்புல அடிச்சிருந்தா உடனே பணத்தைக் கட்டிடாதீங்க

தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு லேப். பேர் வேண்டாம். அங்க எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்றேன்.

தங்கச்சி நர்சிங் படிக்கிறா. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்குற வைரஸ்) தடுப்பூசி மூணும் போட்டு முடிச்சு ரெண்டு மாசம் ஆகுது. எதிர்ப்புச் சக்தி வந்திருக்கான்னு பார்க்க டைட்டர் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க காலேஜ்ல. அம்மாவும் அவளும்தான் போனாங்க.

ரிப்போர்ட்ல ‘ஆன்டி ஹெச்பிஎஸ் 412, ரியாக்டிவ்’, அதாவது பாசிட்டிவ். சிவப்பு எழுத்து, பக்கத்துல மேல்நோக்கி ஒரு அம்புக்குறி வேற. கவுன்ட்டர்ல இருந்தவர் குரலைத் தாழ்த்தி, “பாப்பாவுக்கு பி வைரஸ் இருக்குதும்மா. வெளிய சொல்லாதீங்க, சீட்டு போயிடும்”னாராம். வைரல் லோடு, லிவர் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் 7,400 ரூபாய். அம்மா கம்மலை அடகு வெச்சுக் கட்டிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தங்கச்சிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். (நிஜமாவே பி இருந்தாலும் தட்டுல டம்ளர்ல எல்லாம் அது தொத்தாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்துல தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு, இப்படித்தான் பரவும்.)

மறுநாள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரில ஓபி சீட்டு போட்டு நின்னோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. “ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு. 10 இருந்தாலே பாதுகாப்புதான், உனக்கு 412. சரி, ஹெச்பிஎஸ்ஏஜி எங்க?”

அதை அந்த லேப் எடுக்கவே இல்ல! கிருமி இப்ப உடம்புல இருக்கான்னு சொல்றது அந்த டெஸ்ட்தான். ஹெச்பிஎஸ்ஏஜி வைரஸோட மேலுறைப் புரதம்; ‘ஆன்டி’ன்னு முன்னாடி வந்தா அதை எதிர்க்க நம்ம உடம்பு செஞ்சது. பேர் ஒண்ணு மாதிரி இருக்கும், அர்த்தம் நேர் எதிர். தடுப்பூசில அந்த மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கு. அதனால ஆன்டி ஹெச்பிசி-யும் (வைரஸோட உள்பக்கப் புரதத்தை எதிர்க்க உடம்பு செஞ்சது) சேர்ந்து பாசிட்டிவ்னா அது ஊசியால வந்தது இல்ல, எப்பவோ நோய் வந்து போயிருக்கு. ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள ஹெச்பிஎஸ்ஏஜி எடுத்தா மருந்தாலயே பாசிட்டிவ் காட்டலாமாம், அந்த நேரத்துல எடுக்காதீங்க. மூணாவது ஊசிக்கு ரெண்டு மாசம் கழிச்சும் 10-க்குக் கீழ இருந்தாதான் திரும்ப ஊசி போடச் சொல்வாங்க. ஒரு தடவை நல்லா ஏறினவங்களுக்கு வருஷம் போகப் போக எண் இறங்கினாலும் உடம்புக்கு ஞாபகம் இருக்குமாம்.

தங்கச்சிக்கு ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்.

லேப்ல போய்க் கேட்டேன். “ரிப்போர்ட்ல தப்பு எதுவும் இல்லையேண்ணா, ரத்தம் எடுத்தாச்சு, பணம் வராது”ன்னுட்டான். கம்மல் இன்னும் சேட்டு கடையிலதான் இருக்கு.