புதுச்சேரியில் இலவச அரிசியா, வங்கியில் பணமா?

"அரிசியே தரட்டும்", "பணமாகப் போட்டால் நல்லது". சிவப்பு அட்டை (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான ரேஷன் அட்டை) வைத்திருக்கும் வீடுகளில் இந்த இரண்டும் காதில் விழுகிறது. 2019-ல் இது முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் இடையே பெரிய மோதலாகி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பணம்தான் என்று ஆனது. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தன.

விலைவாசி: 20 கிலோ அரிசி எப்போதும் 20 கிலோதான். அதற்குப் பதிலாக வந்த 600 ரூபாய், கிலோ 30 ரூபாய்க்கு மேல் போனாலே பற்றாது. எனக்கு இதுதான் முதல் கணக்கு.

யார் கையில்: அரிசி நேராக அடுப்படிக்குப் போகும். பணம் கடன்காரரிடமோ மதுக்கடையிலோ போய்ச் சேரலாம். ஆனால் மருந்துக்கும் பள்ளி நோட்டுக்கும் உதவுவதும் அதே பணம்தான்.

அலைச்சல்: அரிசிக்கு வரிசை, மூட்டை சுமப்பது. பணத்துக்கு பாகூர் பக்கத்துப் பாட்டி பஸ் ஏறி வங்கிக்குப் போக வேண்டும். கைரேகை பதியாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

தரம்: அரிசி மோசமாக வந்தால் மாவாட்டத்தான் ஆகும். பணமாக இருந்தால் பிடித்த அரிசியை வாங்கலாம்.

தனியாக இருக்கும் முதியவர்கள், குடிப்பவர் இருக்கும் வீடு, கூலி நிலையில்லாத குடும்பம் என்றால் அரிசிதான். வேலைக்காக வெளியூரில் தங்குபவர்களுக்கும், ரேஷன் அரிசியை வாங்கி விற்றுவிடுபவர்களுக்கும் பணம் சரி. அப்புறம், பணம்தான் என்றால் சந்தை விலையோடு சேர்ந்து அதுவும் ஏற வேண்டும்.