வெந்நீருக்குக் கொட்டிக் கொடுத்த 4 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய்

திருகோணமலை உப்புவெளியில் நான்கு அறை விடுதி நடத்துகிறேன். ஹீட் பம்ப் வெந்நீர்த் தொட்டி பூட்டிய பிறகு மூன்றாவது மின்சார பில் இன்று காலை வந்தது. 41,300 ரூபாய். முன்பு இதே அளவு விருந்தினருக்கு 24,000 தாண்டியதில்லை. இந்தத் தொட்டியை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கீழே எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சீசனுக்கு முன் நகரில் ஒரு மின்சாதனக் கடையில் ஸ்மார்ட் தேர்மோஸ்டாட்டோடு, அதாவது சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவியோடு, அந்தத் தொட்டியை வாங்கினேன். விலை 4 இலட்சத்து 60 ஆயிரம். ஹீட் பம்ப் காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். அதில் பொய்யில்லை. நம் ஊர் வெயிலுக்கு இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

நான் தயங்கியதைப் பார்த்த முதலாளி கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்தார். தன் போனில் ஒரு பச்சை இலைப் படத்தைக் காட்டினார். "அக்கா, இது உங்களுக்காக யோசிக்கும். என் அம்மா வீட்டிலும் இதைத்தான் பூட்டியிருக்கிறேன்." அம்மா என்றதும் விழுந்துவிட்டேன். காப்பை அடகு வைத்த காசை அவர் விரலை நனைத்து இரண்டு தரம் எண்ணினார்.

முதல் பில்லோடு போனேன். "வெள்ளைக்காரர்கள் குழாயைத் திறந்து விட்டிருப்பார்கள்." இரண்டாவதுக்கு, "கொழும்பிலிருந்து இன்ஜினியர் வர வேண்டும்." பிறகு வாட்ஸ்அப்பில் நீலக்கோடு மட்டும், பதில் இல்லை.

கடைசியில் வயரிங் வேலை செய்யும் என் மச்சான் வந்தார். எல்லா சுவிட்சையும் அணைத்துத் தொட்டியை மட்டும் போட்டு, மீட்டர் முன் இருவரும் நின்றோம். 20 நிமிடத்தில் ஒரு யூனிட் ஓடியது! அப்படியென்றால் 3 கிலோவாட். இவ்வளவு மின்சாரம் இழுத்தால் ஓடியது ஹீட் பம்ப் அல்ல, தொட்டிக்குள் அவசரத்துக்கென வைத்திருக்கும் சூடேற்றும் கொயில். "சேமிப்பு" என்று கடைப் பையன் போட்டுவிட்ட திட்டம் பகலில் தண்ணீரை ஆறவிட்டு, மாலை ஐந்து மணிக்கு 65 பாகைக்கு அவசரமாக ஏற்றச் சொல்கிறது. ஹீட் பம்ப் மெதுவாகத்தான் ஏற்றும். அதனால் தேர்மோஸ்டாட் ஒவ்வொரு நாளும் கொயிலைக் கூப்பிடுகிறது. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வெந்நீர் சும்மா ஊறுகிறது, நான் 4 இலட்சத்து 60 ஆயிரம் கொடுத்து இதை வாங்கியிருக்கிறேன்.

அதைச் சொன்னதும் முதலாளியின் பதில்: "நீங்கள்தான் போனில் எதையோ அழுத்தியிருப்பீர்கள்." உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தேன். கடையின் முத்திரையே இல்லை.

கொயிலுக்குத் தனி சுவிட்ச் கேளுங்கள். பூட்டிய அன்றே மீட்டரைப் படம் எடுங்கள். முத்திரை இல்லாமல் காசை நீட்டாதீர்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், பில் கட்ட நகருக்குப் போக வேண்டும்.