எண்ணும் எழுத்தும்: கொங்குப் பெற்றோருக்கு ஒரு மதிப்பீடு

பிள்ளையை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கட்டடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் உள்ளே நடக்கும் பாடத்தை யாரும் கேட்பதில்லை. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு வரை நீண்ட, தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம்தான் அங்கே பாடமுறை. முறை நல்ல முறை. கெடுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிலை பிரிப்பது.

எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை விட்டுவிட்டு, என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். அரும்புதான் தொடக்க நிலை. மூன்றாம் வகுப்புப் பையன் தமிழில் அரும்பாக இருக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜூனில் அரும்பாக இருந்தவன் ஜனவரியிலும் அங்கேயே இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். அப்போதும் கேள்வி பையனுக்கல்ல.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அ, ஆ, க, ங என்று வரிசையாக ஒப்பிப்பதை நம்ப வேண்டாம், அது பாட்டு மாதிரி மனப்பாடமாகிவிடும். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்ப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். 'வெள்ளகோவில்' ஒன்றே போதும்: வெ குறில், கோ நெடில், நடுவில் ள், கடைசியில் ல். 'வேள்ள' என்று இழுத்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் பிரியவில்லை. 'பெருந்துறை'யில் ர, ற இரண்டும் வரும். பார்த்துப் படிப்பதோடு விடாமல், சொல்லச் சொல்ல எழுதவும் வைக்க வேண்டும்.

கணக்கில் அடிக்கடி வரும் தவறு இது: 'இருநூற்று ஐந்து' என்றால் 2005 என்று எழுதுவது. கவனக்குறைவு இல்லை. 200 காதில் விழுந்தது, எழுதினான். 5 விழுந்தது, பக்கத்தில் எழுதினான். பத்துத் தடவை இம்போசிஷன் எழுத வைத்தால் தீராது. 200 என்று ஒரு நீள அட்டை, 5 என்று ஒரு சின்ன அட்டை. கடைசிச் சுழியத்தின் மேல் ஐந்தை வைத்து மூடினால் 205 கண்ணில் தெரியும். அதற்கு முன்பே பத்துப் பத்தாக ஈர்க்குச்சியைக் கட்டிப் பிரித்துப் பழகியிருக்க வேண்டும். தறி ஓடும் ஊர்களில் ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சி, காலியானதே போதும். கட்டுவதை டீச்சர் கட்டிக் காட்டினால் பாதிப் பலன்தான், பிள்ளை கையால் கட்ட வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்குமான வகுப்பா என்பது திருப்பூரில்தான் தெரியும். பனியன் கம்பெனிக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். கர்நாடக எல்லையில் இருக்கும் தாளவாடிப் பக்கம் பல பிள்ளைகளுக்கு வீட்டுமொழி கன்னடம். தமிழ்க் கேள்வி புரியாத பிள்ளையைக் கணக்கிலும் அரும்பில் போட்டுவிடுவது பெரும் பிழை. புளியங்கொட்டை இருபதைக் கொட்டி, அவள் மொழியிலேயே எண்ணிக் கூட்டச் சொன்னால் உண்மை நிலை தெரிந்துவிடும். முதல் சில வாரங்களுக்கு விடையை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு, தமிழ்ச் சொல்லை டீச்சர் கூடவே சொல்லிக்கொடுக்கும் பள்ளி நல்ல பள்ளி.

மாற்றுத்திறன் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது, எழுத்துக் கற்பதில் வரும் தடுமாற்றமும் அதில் அடக்கம். சிறப்புப் பயிற்றுநர், பல பள்ளிகளுக்கும் பொதுவான வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர், தினமும் இருக்கமாட்டார். அவர் வராத நாளில் என்ன ஏற்பாடு என்று கேட்பது உங்கள் உரிமை.

குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளியில் ஒருவரே பல வகுப்பு, பல நிலை பார்க்கிறார். ஒரு குழுவோடு பதினைந்து நிமிடம் உட்கார, மற்றவர்கள் பயிற்சி நூலில் தனியாக வேலை செய்யப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கே முதல் மாதம் போய்விடும். பழக்காத வகுப்பில் சத்தம்தான் மிஞ்சும். இதன் நடுவே செல்போன் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் வேலை வேறு. ஆசிரியர் சங்கங்கள் இதைப் பற்றிக் குறை சொல்வதில் நியாயம் உண்டு.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை: புத்தகம், சீருடை, காலை உணவு, மதிய உணவு எல்லாம் அரசு தருவது. சேர்க்கப் போகும்போது, "ஏனுங் டீச்சர், எந்தெந்தப் பாடத்துல எந்த நிலைன்னு எப்பச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். நாள் குறிப்பிட்டுப் பதில் வந்தால் தயங்காமல் சேர்க்கலாம். மழுப்பினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.